வயிற்றுவலி போகக்கூடாது என்று வேண்டிய நாட்கள்

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன வருடம் எனக்கு ஏழு வயது. பசறைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் அறையில் நானும் அப்பாவும் மட்டும் மிஞ்சினோம். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. காலையில் கோதுமை மா ரொட்டி சுட்டு மூடி வைத்துவிட்டுப் போவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அது விறைத்துக் கிடக்கும். அதைத் தொடாமல் பிஸ்கட் பக்கெட்டைப் பிரிப்பேன். கீரை தின்னச் சொல்லவோ தண்ணீர் குடிக்கச் சொல்லவோ வீட்டில் ஆள் இல்லை.

மலம் இறுகி, கக்கூசுக்குப் போனால் உயிர் போகிற மாதிரி வலித்தது. அந்தப் பயத்தில் நாள் கணக்கில் அடக்கினேன். வயிறு கல்லாகிவிட்டது.

அப்பா அரைநாள் லீவு போட்டு, டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். யாழ்ப்பாணத்து டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “மாச் சாப்பாட்டைக் குறையுங்கோ. கீரை, பழம், நிறையத் தண்ணி குடுங்கோ. எல்லாம் சரியாகும்,” என்றார்.

அன்றிலிருந்து அப்பா கீரை ஆய்ந்து சுண்டினார். உப்புக் கூடும், சில நாள் கருகும். பப்பாசி வாங்கி வந்து, துண்டு போட்டுத் தட்டில் மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு அக்கா யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. “புள்ளைக்கு ரொம்ப முடியாமப் போனா, தாய்க்காரி வந்துதானே ஆகணும்?”

எனக்கு அது போதுமாயிருந்தது. கீரையையும் பப்பாசியையும் லயத்துக்குப் பின்னால் ஓடிய கழிவுநீர்க் கானில் கொட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலிட்டு, வயிற்றுவலி போகக்கூடாது என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டேன். மாதா கேட்டார் போலும். இரண்டு வாரத்தில் மறுபடி ஆஸ்பத்திரி.

“பழம் குடுத்தனீங்களோ?” என்றார் டாக்டரம்மா.

“தெனம் குடுத்தேங்க. நானே வெட்டி வச்சிட்டுத்தான் போனேன்.”

“பொய் சொல்லாதேங்கோ. குடுத்திருந்தால் பிள்ளை இப்பிடி வருமோ?”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கானில் கொட்டியதை நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மாவின் போன் வந்தது. “பாப்பா நல்லா இருக்கா. நீ ஒண்ணும் யோசிக்காத,” என்றார் அப்பா. நான் போனைப் பிடுங்கி, “பொய்ம்மா! எனக்கு வயிறு வலிக்குது. நீ வா,” என்று கத்தினேன். அந்தப் பக்கம் அழுகிற மூச்சு மட்டும் கேட்டது. பிறகு போன் கட்டானது.

அம்மா வந்துவிடுவாள் என்று பஸ் வரும் நேரமெல்லாம் பாதையோரம் நின்றேன். ஒரு மாதம் நின்றிருப்பேன். நிற்பது அலுத்துப்போன ஒரு பின்னேரம், பசியில் பப்பாசியைத் தின்றேன். வலி மெல்லமெல்லக் குறைந்தது. அப்பாமேல் இருந்த கோபம் குறையவில்லை. அவர் பொய் சொன்னதால்தான் அம்மா வரவில்லை என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் பாஸ்போர்ட்டை குவைத்து வீட்டுக்காரர்கள் வாங்கிப் பூட்டி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்.