உச்சிப்புளிக் கத்தரியும் நான் கொத்திய மூன்று வரிசையும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இராமேஸ்வரம் கிளம்பினேன். சாமி கும்பிட மட்டுமல்ல. உச்சிப்புளிப் பக்கம் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி பாண்டியம்மாள், "அண்ணே, கத்தரிச் செடியெல்லாம் சுணங்குது, படிச்சவுக வந்து பார்த்தா என்ன?" என்று மூன்று நாளாய் போனில் நச்சரித்தாள். நான் விவசாயம் படித்துவிட்டு வங்கியில் உட்கார்ந்திருப்பவன். படிப்பைக் காட்ட ஒரு வாய்ப்பு, விடுவேனா?

மதுரையில் காலை 6.10-க்குப் பேருந்து, இராமநாதபுரம் வர மணி ஒன்பது. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் உச்சிப்புளி, பிறகு மூன்று கிலோமீட்டர் ஆட்டோ. தோட்டத்தில் கால் வைக்கும்போது பத்தரை.

இரண்டு பாத்தி. மேல் பாத்தியில் செடிகள் பச்சை மாறாமலே வாடித் தொங்கின. கீழ் பாத்தியில் காய் பிடித்து நின்றது. அந்தக் காயை நம்பித்தான் அவள் வீடு ஓடுகிறது.

"தண்ணி கூடுதலா விட்டுப் பார்த்தேண்ணே, தலையத் தூக்க மாட்டேங்குது" என்றாள். எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது. கிடந்த களைக்கொத்தை எடுத்து மேல் பாத்தியில் கொஞ்சம் கொத்தினேன், அப்படியே இறங்கிக் கீழ் பாத்தியிலும் மூன்று வரிசை கொத்தினேன்.

பிறகுதான் உறைத்தது. மண் ஈரமாயிருக்கிறது, செடி தாகத்தில் வாடுகிறது! வாடிய தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டேன். ஐந்து நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து அரிசி கழுவிய நீர்போல வெள்ளை நூல் இறங்கியது. பாக்டீரியா வாடல். மண்ணில் கிடக்கும் கிருமி, வேரில் காயம் பட்ட இடம் வழியாக நுழைந்து, நீர் ஏறும் குழாயில் பெருகி அடைத்துவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் செடிக்குப் போய்ச் சேராது. மேல் பாத்தியில் ஓடிய தண்ணீர் கீழே இறங்கினால் கிருமியும் கூடவே இறங்கும்.

வாடிய செடிகளை வேரும் மண்ணுமாக அள்ளி, தோட்டத்துக்கு வெளியே எரித்தோம். கீழ் பாத்திக்குக் கிணற்றிலிருந்து தனிக் குழாய் போட்டோம். "எங்கண்ணன் வராட்டி எல்லாம் போயிருக்கும்" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரியிடம் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாலை நாலு மணிப் பேருந்தில் இராமேஸ்வரம். மறுநாள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு, கிழக்குக் கோபுர வாசலில் செருப்பைத் தேடி எடுத்தேன். அடியில் தங்கச்சி தோட்டத்து மண் காய்ந்து ஒட்டியிருந்தது. அடப் பாவி! களைக்கொத்தைக் கழுவினேனா? மேல் பாத்தி மண்ணோடுதானே கீழே இறங்கினேன்? வேரில் காயம் போட்டதும் நான், கிருமியைக் கொண்டுபோய் வைத்ததும் நான்.

உடனே போன் போட்டேன். "என்னண்ணே, சாமி தரிசனம் நல்லாயிருந்துச்சா?" என்றாள். "நல்லாயிருந்துச்சு" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் எதுவும் ஓடவில்லை. ஆட்டோக்காரர், "தனுஷ்கோடி பார்க்காமலா போறீக?" என்று கேட்டார். திரும்பும்போது பாம்பன் பாலத்தில் கடலைப் பார்க்கப் பேருந்தே ஜன்னலுக்குச் சாய்ந்தது, நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பன்னிரண்டாம் நாள் அவளே அழைத்தாள். "அண்ணே, கீழ்ப் பாத்தியில மூணு வரிசை தொங்கிருச்சு. டம்ளர்ல வச்சுப் பார்த்தேன், வெள்ளையா இறங்குது." அப்போதுதான் சொன்னேன்.

"போன் போட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லண்ணே. மறுநாளு அதே கொத்த வச்சுத்தான் மிச்ச வரிசையும் கொத்துனேன்."

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மதுரையிலிருந்து அதிகாலை வண்டியே நல்லது, வெயிலுக்கு முன் போய்விடலாம். யார் தோட்டத்தில் இறங்கினாலும் செருப்பையும் கருவியையும் மண் போகக் கழுவிவிட்டு இறங்குங்கள். வாடல் வந்த மண்ணில் கொஞ்ச காலம் கத்தரி, தக்காளி, மிளகாய் வேண்டாம், கம்பு போடச் சொல்லுங்கள். கழுவ மறந்துவிட்டால், அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.