வேலையை விட்டவரின் யூனிஃபார்ம்

விஜயகுமார் வேலையை விட்ட அன்று கம்பெனி அவரிடமிருந்து ஐடி கார்டையும் லேப்டாப்பையும் எண்ணி வாங்கிக்கொண்டது. யூனிஃபார்மைக் கேட்கவில்லை. பதின்மூன்று வருட வியர்வைக்கு உரிமை கொண்டாட ஹெச்.ஆருக்கு விருப்பமில்லை போலும். சாம்பல் நிறச் சட்டை, பாக்கெட்டுக்கு மேலே ஆரஞ்சு நூலில் கம்பெனி பெயர். பைக் துடைக்க ஆகும் என்று சுருட்டி வைத்தார்.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி அது. மிஷின் ஓடும்போது பாகம் அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஃபிக்சர் வேண்டும். அதை வரைவது இவர் வேலை. வரைய இரண்டு மணி நேரம். ஏன் அப்படி வரைந்தேன் என்று மீட்டிங்கில் விளக்க ஆறு மணி நேரம். அந்த ஆறை மட்டும் ராஜினாமா செய்ய வழியில்லாததால் எட்டையும் செய்தார். இனி பாகலூரில் வீட்டிலிருந்தபடியே பட்டறைகளுக்கு வரைந்து கொடுப்பது என்று திட்டம். மனைவி சுவாதியோடு ஓர் ஒப்பந்தமும் இருந்தது: ஆறு மாதத்துக்குள் நிலையாக ஆர்டர் கொடுக்கும் ஒரு பார்ட்டி அமையாவிட்டால் மறுபடி கம்பெனி பஸ்.

திட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பாகலூரில் பகலில் வீட்டிலிருக்கும் ஆண்பிள்ளை என்றால் ஒன்று நைட் ஷிப்ட், இல்லாவிட்டால் சும்மா. மூன்றாவது சாதி இன்னும் பிறக்கவில்லை. நைட் ஷிப்ட்காரனைத் தூங்கவிடுவார்கள். சும்மா இருப்பவனை விடமாட்டார்கள்.

முதல் ஆள் எதிர்வீட்டு சாந்தம்மா. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், வேலை வாங்கத் தமிழ் என்று பிரித்து வைத்திருப்பவர்.

"விஜி, சும்மாதானே இருக்க? இந்த சிலிண்டர உள்ள வெச்சிட்டுப் போயேன்."

"வேலை பண்ணிட்டு இருக்கேன்க்கா."

"கம்ப்யூட்டரத்தானே பாத்துட்டு இருக்க. அது எங்க ஓடிடப் போவுது?"

சிலிண்டருக்குப் பின்னால் ஒருவரின் ஆதார் திருத்தம் வந்தது, இன்னொருவரின் ரோஜாத் தோட்டத்தில் அடைத்துக்கொண்ட சொட்டுநீர்க் குழாய் வந்தது, பெண் பார்க்கப் போகும் கூட்டத்துக்குக் கார் ஓட்டும் உத்தியோகம் வந்தது. முன்பு ஒரே ஒரு மேனேஜர். இப்போது தெரு முழுக்க மேனேஜர்கள். நோட்டீஸ் கொடுத்து விலகவும் முடியாது.

ஐந்தாவது மாதம் முடியும்போது ஒரு பார்ட்டி வந்தது. சூளகிரியில் பட்டறை வைத்திருக்கும் பிரகாஷ். பன்னிரண்டு ஃபிக்சர், இருபது நாள்.

"ஒரே ஒரு கண்டிஷன் சார்," என்றார் பிரகாஷ். "கம்பெனில இருந்துக்கிட்டே சைடுல பண்ற ஆளு எனக்கு வேணாம். போன வருஷம் ஒருத்தன், ஷிப்ட் மாறினதும் போனையே எடுக்கல. நீங்க வெளிய வந்தாச்சுதானே?"

"சுத்தமா வந்தாச்சு சார்."

முதல் ஏழு நாளில் ஒரு ஃபிக்சர்தான் முடிந்தது. எட்டாம் நாள் காலையில் சுவாதி அந்த யூனிஃபார்மை இஸ்திரி போட்டு எடுத்து வந்தார்.

"போட்டுக்கிட்டுக் கிளம்புங்க."

"எங்க?"

"நம்ம தோட்டத்து மோட்டார் ரூமுக்கு. கரண்ட் இருக்கு, கதவு இருக்கு. கேக்கறவங்களுக்கு டூட்டிக்குப் போயிருக்கார்னு சொல்லிக்கறேன். அதுல என்ன பொய்?"

ஆக, விடுதலை பெற்ற மனிதர் ஆறு மணிக்கு யூனிஃபார்ம் மாட்டி, டிபன் பாக்ஸோடு பைக்கை உதைத்தார். தெரு மரியாதையாக ஒதுங்கியது. "மறுபடி சேந்துட்டியா? இப்பதான் புத்தி வந்துது," என்றார் சாந்தம்மா. மோட்டார் ரூமில் யாரும் கூப்பிடவில்லை. இன்னொரு ஒன்பது ஃபிக்சர் ஒன்பதே நாளில் முடிந்தது. ஒருநாள் டீ பிரேக்குக்கு ஏன் இன்னும் மணி அடிக்கவில்லை என்று கொஞ்ச நேரம் காத்துக்கூட இருந்தார்.

பதினேழாம் நாள், அந்தப் பக்கமாக வந்த பிரகாஷ் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தார். சுவாதி ரேஷன் கடைக்குப் போயிருந்தார். பூட்டிய கதவு முன்னால் பைலும் கையுமாக ஒருவர் நிற்பதைப் பார்த்த சாந்தம்மா, லோனுக்காக விசாரிக்க வந்த பேங்க்காரர் என்று முடிவு செய்தார். அப்படி வருகிறவர்களிடம் அக்கம்பக்கத்தார் எப்படிப் பேச வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

"விஜியா? கம்பெனிக்குப் போயிருக்கான். ஃபர்ஸ்ட் ஷிப்ட். பர்மனென்ட் வேலைங்க, தாராளமா நம்பிக் குடுக்கலாம்."

மோட்டார் ரூமில் போன் அடித்தது.

"எங்க சார் இருக்கீங்க?"

"வேலையில சார்."

"எதிர்வீட்டம்மாவும் அதான் சொன்னாங்க. வரைஞ்ச வரைக்கும் அனுப்பிடுங்க. மீதிய வேற ஆள வெச்சுப் பாத்துக்கறேன்."

மூன்று நிமிடத்தில் பைக் தெருவுக்குள் வந்தது. என்ன சட்டையில் இருக்கிறோம் என்பது, பிரகாஷின் கண் தன் பாக்கெட்டுக்கு மேல் நிலைத்தபோதுதான் விஜயகுமாருக்கு உறைத்தது.

"சார், இது சும்மா போட்டது."

"யூனிஃபார்ம யாரு சார் சும்மா போடுவாங்க?"

போனில் இருந்த ரிலீவிங் லெட்டரைக் காட்டினார். "இந்த மாதிரி லெட்டர் நானே பத்து பேருக்குப் பொய்யா அடிச்சுக் குடுத்திருக்கேன்," என்றார் பிரகாஷ்.

"பர்மனென்ட்டுங்க!" என்று சாந்தம்மா மறுபடி அடித்துச் சொன்னார்.

வேறு வழியில்லை. விஜயகுமார் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "எனக்கு வேலையே இல்லக்கா! ஆறு மாசமா இல்ல! தினமும் மோட்டார் ரூம்லதான் போய் உக்காந்திருக்கேன்!"

இரண்டு ஜன்னல்கள் திறந்தன. சாந்தம்மாவின் முகத்தில் நிஜமாகவே வருத்தம் வந்தது. ஒரு விநாடி இருந்துவிட்டுப் போனது.

"அப்ப சும்மாதான் இருக்கியா? முன்னாடியே சொல்றதுக்கென்ன? மாடித் தொட்டி கழுவணும், வந்து ஏணியப் பிடி."

"விஜி, நாளைக்கு ஆர்டிஓ ஆபீஸ் வரைக்கும் வந்துடு," என்றது ஒரு ஜன்னல்.

பிரகாஷ் ஜன்னலைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். சம்பளம் வாங்கும் ஒருவனை இந்தப் பக்கத்தில் யாரும் தொட்டி கழுவக் கூப்பிட மாட்டார்கள் என்பது சூளகிரிக்காரருக்குத் தெரியாததா? லெட்டருக்கு வராத நம்பிக்கை தொட்டிக்கு வந்தது.

"மீதி ரெண்டையும் சனிக்கிழமை அனுப்புங்க சார். அடுத்த மாசத்துக்கு இருபது இருக்கு, அப்புறமும் வரும்." காரில் ஏறியவர் கண்ணாடியை இறக்கினார். "அந்த மோட்டார் ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா?"

"இருக்கு சார்."

"போட்டுக்குங்க."

விஜயகுமார் ஏணியைப் பிடித்தார். தொட்டியைத் துடைக்க ஒரு பழைய துணி கேட்டார் சாந்தம்மா. யூனிஃபார்மைக் கழற்றி மேலே கொடுத்துவிட்டுப் பனியனோடு நின்றார்.