மதினியின் கடிகார நெஞ்சு

"ஒழுங்கா அடிக்கிறதும் ஒரு குத்தமாங்க?" ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்த்து மதினி இப்படிக் கேட்டதை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். தன் நெஞ்சைப் பற்றித்தான் அவர் கேட்டார். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்து முடித்ததும் கண் தானாகப் பாதமலைப் பக்கம் போய்விடும்.

மதினி என் மூத்த அண்ணனின் மனைவி. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த வருஷமே பக்கத்துப் பக்கத்து நிரையில் இருவரும் கொழுந்து பறிக்கத் தொடங்கினோம். அவர் வாயைக் கேட்பதற்காகவே அந்தப் பக்கத்து நிரைக்குப் போட்டி இருக்கும். திடீரென்று பனி இறங்கி எதிரில் நிற்கிற ஆள் மறைந்து போனால், "வந்துட்டாருடி மாப்பிள்ள, சொல்லாம கொள்ளாம" என்பார். மழை விடாமல் பெய்தால், "மேல யாரோ கொழாயத் தொறந்து வச்சிட்டு அரட்டைக்குப் போயிட்டாங்க." எவ்வளவு பேசினாலும் கை நிற்காது. கொழுந்து நிறைந்த செடியில் விரல் ஓடும், இல்லாத செடியில் தயங்கித் தேடும், சறுக்கலான இடத்தில் காலுக்காகக் கை காத்திருக்கும். அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் வேலை பழகினேன்.

ஒரு தடவை லயம் முழுக்கக் காய்ச்சல். தோட்டத்து மருந்துக்காரர் வீடு வீடாக வந்து நாடி பார்த்தார். மதினியின் மணிக்கட்டைப் பிடித்தவர், "உங்களுக்கு உள்ள கடிகாரந்தாம்மா ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அன்றிலிருந்து யார் தலைவலி என்றாலும், "எனக்கெல்லாம் கடிகாரம்" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். "அந்தக் கடிகாரத்துக்கு நாந்தானே சாவி குடுக்கிறேன்" என்பார் அண்ணன். "நீங்க குடுக்கிற சாவிக்கு அது நின்னு போகாம இருக்கிறதே பெருசு" என்று பதில் வரும்.

வருஷா வருஷம் யாத்திரை சீசனில் நாங்கள் இருவரும் பாதமலை ஏறுவோம். முதல் நாளே புளிச்சோறு கட்டி, மஸ்கெலியாவில் பஸ் மாறி, மலையடிவாரத்து நல்லதண்ணியில் இறங்குவோம். வயதுப் பிள்ளைகளாக இருந்தபோது கடைக்குக் கடை நின்று வளையல் விலை கேட்போம், ஒன்றும் வாங்க மாட்டோம். வழியில் ஓடுகிற ஆற்றில் முகம் கழுவினால் பல் தந்தியடிக்கும். படி செங்குத்தாக ஏறத் தொடங்கினால் மதினி பேச்சை நிறுத்துவார். நான் அவர் வாய் மூடிப் பார்த்தது அந்த இடத்தில்தான். உச்சியில் ஒரு மணி தொங்கும். எத்தனையாவது தடவை ஏறி வந்திருக்கிறோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும். மதினி அடிக்கத் தொடங்கினால் வரிசையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சிங்களப் பெண்கள் சிலர் கன்னத்தில் கை வைத்துச் சிரிப்பார்கள். மதினிக்குப் பெருமை முகம் கொள்ளாது.

போன சீசன் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு சரிவில் மதினி கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"என்னாங்க மதினி?"

"மூச்சு எங்கயோ மாட்டிக்கிச்சு புள்ள. செத்த இரு, வந்துரும்."

வந்தது. ஆனால் அடுத்த வாரமும் மாட்டிக்கொண்டது. ஏற்கெனவே சீனி வியாதியும் பிரஷரும் இருந்த உடம்பு. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் ஒரு சிங்களப் பெண். தமிழை நிதானமாக, அழகாகப் பேசினார். மதினி அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இந்த சீசனுக்கு மலை ஏறலாங்களா?"

"இதப் போட்டுப் பாத்திட்டுச் சொல்றன்" என்று ஒரு சின்ன மெஷினைக் காட்டினார் டொக்டர். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, மெஷினை இடுப்பில் கட்டினார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் நெஞ்சுத் துடிப்பு முழுவதும் அதில் பதியுமாம். கழற்றக் கூடாது, குளிக்கக் கூடாது, மற்றபடி வழக்கமான வேலை எல்லாம் செய்யலாம் என்றார்கள். நாங்கள் 'கூடாது' இரண்டையும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டோம். மற்றதை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டோம்.

உடம்பில் ஒன்றைக் கட்டிவிட்டு, இது கூடாது அது கூடாது என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு அது காப்புத்தான். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவரைப் போலவே மதினியை நடத்தினோம். அன்று வீட்டில் கருவாடு பொரியவில்லை. அண்ணன் சாராயக் கடைப் பக்கம் போகவில்லை. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். மதினி கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். "பேசலாந்தானே மதினி?" என்று கேட்டேன். உதட்டில் விரலை வைத்து, இடுப்பில் இருந்த மெஷினைக் காட்டினார்.

அடுத்த நாள் மெஷினைக் கொடுத்துவிட்டு வந்தோம். பிறகு முடிவு கேட்கப் போனபோது டொக்டர், "அம்மா, அன்றைக்கு உங்களுக்குச் சுகமில்லையா? நடக்கவே இல்லையா?" என்று கேட்டார். மதினி பெருமையாக, "மூச்சு விட்டது தவிர ஒண்ணுமே செய்யலீங்க" என்றார். டொக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். "எனக்குக் கொழுந்து பறிக்கிற அம்மாட நெஞ்சு வேணும். சாமி சிலைட நெஞ்சு வேணாம்."

இரண்டாம் தடவை மெஷின் கட்டிய நாளில் லயமே அவரை வழக்கம்போல இருக்க வைக்கப் படாத பாடு பட்டது. "சண்டை போடுங்க மதினி, சும்மா இருக்கீங்களே" என்று வேலைத்தலத்தில் ஒருத்தி தூண்டினாள். "ஒங்கூடச் சண்டை போட்டா மெஷினுக்கே பிரஷர் வந்துரும்" என்றார் மதினி. வேலையை மேற்பார்க்கிற கண்காணி குனிந்து அந்த மெஷினைப் பார்த்துவிட்டு, "நான் ஏசுறதெல்லாம் இதுல பதியுமா?" என்று கேட்டவர், அன்று முழுக்க 'அம்மா' போட்டே பேசினார். மற்றபடி மதினி சரிவு ஏறினார், இறங்கினார், சமைத்தார், அண்ணனை ஏசினார், தூங்கினார்.

அந்த முடிவைப் பார்த்துத்தான் டொக்டர், "துடிப்பு எல்லாம் ஒரே சீரா இருக்கு" என்றார். மதினி என் பக்கம் திரும்பி, 'கேட்டியா?' என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார்.

"அது அவ்வளவு நல்லதில்ல அம்மா."

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "ஒழுங்கா அடிக்கிறதும் ஒரு குத்தமாங்க?"

டொக்டர் பொறுமையாகச் சொன்னார். மூச்சை இழுத்தால் நெஞ்சு கொஞ்சம் வேகமாகத் துடிக்கும், விட்டால் கொஞ்சம் தாமதிக்கும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி எப்போதும் துளி கூடிக் குறைந்துகொண்டே இருக்க வேண்டும். கையால் நாடி பிடித்தால் அது தெரியாது, அவ்வளவு சின்னது, மெஷினுக்குத்தான் தெரியும். தாளம் கண்டபடி தப்புவது வேறு வகை நோய், அதை இதோடு சேர்க்கக் கூடாது. இந்தச் சின்ன ஏற்ற இறக்கம் குறைந்துபோனால், நெஞ்சை நடத்துகிற நரம்புகள் களைத்திருக்கின்றன என்று நினைக்க இடமுண்டு. சீனி வருத்தக்காரருக்கு அப்படி ஆவதுண்டு. அப்படி ஆனவர்களுக்கு மாரடைப்புப் பயம் மற்றவர்களைவிடக் கூடுதல். "இத மட்டும் வச்சு நான் முடிவு சொல்லல்ல. உங்கட சீனி, பிரஷர், மூச்சு எல்லாத்தையும் சேத்துத்தான் சொல்றன். இந்த சீசன் மலை வேணாம் அம்மா."

மதினி, படி செங்குத்தாகிற இடத்தில் மூடிக்கொள்வதுபோல வாயை மூடிக்கொண்டார். எனக்கு அவருடைய கை ஞாபகம் வந்தது. செடிக்குச் செடி ஓடியும் தயங்கியும் போகிற அந்தக் கை. நெஞ்சும் அப்படித்தான் போக வேண்டுமாம். பஸ்ஸில் வரும்போது அதைச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "கைக்குத் தெரிஞ்சது நெஞ்சுக்கு மறந்து போச்சு போல" என்றார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "மருந்துக்காரரு பாவம், அவரு பொய் சொல்லல புள்ள" என்றும் சொன்னார்.

சீசன் வந்தது. ஏறாவிட்டாலும் நல்லதண்ணி வரைக்கும் வருவேன் என்று அடம்பிடித்து வந்தார். விடிந்த பிறகு போய் இறங்கினோம். ஒரு தேத்தண்ணிக் கடை பெஞ்சில் அவரை உட்கார வைத்தேன். "ஒங்களுக்குள்ள மணியையும் நானே மேல அடிச்சிட்டு வர்றேன் மதினி" என்றேன்.

சட்டென்று நிமிர்ந்தார். "அடிச்சிராத. ஏறாத காலுக்கு என்னாத்துக்கு மணி? ஒன்னோடத மட்டும் அடி."

தனியாக ஏறியது அதுதான் முதல் தடவை. பேச ஆளில்லாமல் வழி நீண்டுகொண்டே போனது. உச்சியில் எனக்கு உரியதை அடித்து முடித்தேன். கயிற்றைக் கை விடவில்லை. பின்னால் நின்ற ஒரு பெண் சிங்களத்தில் 'இன்னும் இருக்கா?' என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கயிற்றை விட்டேன்.

இறங்கி வரும்போது மதினி அதே பெஞ்சில், கடைக்காரியோடு பத்து வருஷப் பழக்கம் போலப் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "அடிச்சியா?" என்றார்.

"எனக்கு மட்டும்."

"என்னோடத?"

"தொடல."

"சரி. அது அங்கயே கெடக்கட்டும்" என்று எழுந்து, சேலையை உதறிக்கொண்டார். "இப்ப தெனம் நம்ம தோட்டத்துக் கோயில் மேடு வரைக்கும் நடக்கணும்னு டொக்டர் சொல்லியிருக்காங்க. நாளைக்கு நீயும் வா. பேசிக்கிட்டே ஏறலாம்."