திருப்பிப் போட்ட மீன்

துங் லாய்-பிங்குக்குத் தன் நிழல்மேல்கூட அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. காலையில் வலப்பக்கம், சாயங்காலம் இடப்பக்கம் என்று கட்சி மாறுகிறதே, அதை எப்படி நம்புவது என்பாள்.

ஷாம் ஷுய் போ என்ற பேட்டையில், பொத்தான் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில், வெளிநாட்டுக்காரர்களுக்குக் கான்டனீஸ் சொல்லிக்கொடுப்பது அவள் பிழைப்பு. பதினெட்டு வருஷமாக. ஆறு சுருதியில் பேச வேண்டிய மொழி; சுருதி மாறினால் பொருளே மாறிவிடும். அதற்காக மாணவர்களை மாடிப்படிக்கு இழுத்துப்போவாள். மேல்படியில் நின்றால் உச்சம், கீழ்ப்படியில் நின்றால் மந்தரம், ஏறிக்கொண்டே சொன்னால் ஏறுசுருதி. சொல்லின் கடைசி ஒலியை வேறு வாய்க்குள்ளேயே விழுங்க வேண்டும்; கொரியாக்காரி ஹே-ரானுக்கு அந்த வாலை விழுங்குவது பிறவி வரம். சுருதிதான் போட்ட கோடுபோல் நேராகப் போகும். நேபாளத்துப் பிரேம் குருங் சுருதியை ஒருவழியாகப் பிடித்துவிடுவான்; வாலைத் துப்பிவிட்டுத்தான் ஓய்வான். இவர்களுக்கெல்லாம் முந்தி இரண்டாம் மாடி மைனா ஆறு சுருதியும் கற்றுக்கொண்டு, படியில் யார் தப்புச் செய்தாலும் கூண்டிலிருந்தே திருத்தியது. பொய் என்றால் அந்தத் தெருவைக் கேளுங்கள்.

ஏழாம் பாடம் மீன்கடைச் சண்டை. பேரம், வசவு, எல்லாம் உண்டு. அதற்காகவே ஆட்கள் சேர்ந்தார்கள்.

ஒருநாள் மேலாளர் சியூ கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"துங் மிஸ், தலைமை ஆபீஸ்ல ரெண்டு வகுப்புல ஒண்ண மூடப்போறாங்க. எதுன்னு பாக்க ஆள் அனுப்புறாங்க. மாணவர் மாதிரி வந்து உக்காருவாங்க. வந்தே இருக்கலாம்."

"யாரு?"

"எனக்கே தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லிட்டா அப்புறம் அது என்ன சோதனை?"

ஐம்பத்தேழு வயதில் இந்த வகுப்பு போனால் அவளுக்கு வேறு வகுப்பில்லை. அன்றிரவு அவள் தூங்கவில்லை, படியில் ஏறி இறங்கி மைனாவையும் தூங்கவிடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெருவிலிருந்து ஹெக்டோர் வந்து சேர்ந்தான். பழுப்புத் தாடி. ஒரு சொல்லும் தெரியாது என்றான். மூச்சுவிட்டுச் சொல்ல வேண்டியதையெல்லாம் மூச்சடக்கிச் சொன்னான். சரி, உண்மைதான் போலிருக்கிறது என்று அவள் தேநீர் ஊற்றினாள். அவன் பேச்சை நிறுத்தாமலே இரண்டு விரலை மடக்கி மேஜையில் மெல்லத் தட்டினான்.

ஊற்றியவருக்கு நன்றி! இந்த ஊர்க்காரன் கைக்கல்லவா அது வரும்? வாய் பொய் சொல்லலாம், விரல் சொல்லுமா? 'வாடா ராஜா, நீதானா அது' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் பாடம் செத்தது. படி ஏறுவதில்லை, வசவு இல்லை. செய்தி வாசிப்பவர் மாதிரி புத்தகத்தை வாசித்தாள். வாசிக்கும்போதே ஓரக்கண்ணால் ஹெக்டோரின் பேனாவைப் பார்த்தாள். அவன் எழுதினால் பயம். எழுதாவிட்டால் அதைவிடப் பயம்.

"மிஸ், உடம்பு சரியில்லியா?" என்றான் பிரேம். "ரெண்டு வாரமா ஒருத்தரையும் திட்டலியே!"

மூலையிலிருந்த ஐலா மட்டும் எதுவும் சொல்லவில்லை. பின்லாந்துக்காரி. சேர்ந்து ஒரு மாதமாகிறது, வாய் திறந்ததில்லை. அவளைத் துங் மிஸ் நாற்காலியோடு சேர்த்தே எண்ணிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வழக்கம்போல் வகுப்போடு சாப்பாடு, உள்ளூர் அபெர்டீன் துறைமுகத்து உணவகத்தில். ஹெக்டோர் யாரும் சொல்லாமலே கிண்ணத்தையும் குச்சிகளையும் சுடுதேநீரில் அலசினான். கூஜா காலியானதும், மறுபடி நிரப்பச் சொல்லும் இந்த ஊர் வழக்கப்படி மூடியைச் சாய்த்து வைத்தான். இன்றே இவனைப் பிடித்துவிடுவது என்று அவள் முடிவு கட்டினாள்.

ஆவியில் வெந்த மீன் வந்தது. மேல்பக்கம் தீர்ந்தது. துங் மிஸ்ஸின் அம்மா இதே துறைமுகத்தில் படகில் பிறந்து படகிலேயே கண்மூடியவள். மேஜையில் மீனைத் திருப்பினால் கடலில் ஒரு படகு கவிழும் என்பாள். முள்ளை எடுத்துவிட்டுத்தான் அடிப்பக்கத்தைத் தொட வேண்டும். தெரிந்தவன் துடிப்பான், தெரியாதவன் தின்பான். அவள் மனசுக்குள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, குச்சியை மீனுக்கடியில் செருகி, பொத்தென்று திருப்பிப் போட்டாள்.

"ஐயோ!" என்று ஹெக்டோர் எழுந்தேவிட்டான்.

அவள் வெற்றியோடு வாயைத் திறப்பதற்குள் பரிமாறுகிற கிழவர் பாய்ந்து வந்தார்.

"ஏம்மா, கண்ணு போச்சா? என் தம்பி கடல்ல நிக்கிறான்! வெள்ளக்காரன்னா விட்டுடலாம், உன் மூஞ்சியப் பாத்தா படகுக்காரி மாதிரி இருக்கு, வெக்கமாயில்ல?"

பிரேம் எழுந்தான்.

"எங்க மிஸ்ஸத் திட்டாதே! நீ... நேத்து மீன இன்னிக்கு விலைக்கு விக்கிற ஆளு!"

"நேத்து மீனா? காலைல துள்ளுச்சுடா!"

"துள்ளல! ஐஸ் துள்ளுச்சு!" என்று ஹே-ரான் குனிந்து வணங்கிவிட்டுக் கத்தினாள். "பாதி விலை குடு, இல்லன்னா பக்கத்துக் கடைக்குப் போறேன்!"

ஏழாம் பாடம் வரிவரியாக வந்தது. பக்கத்து மேஜைகள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தன. கிழவர் ஒன்று சொல்ல இவர்கள் மூன்று சொன்னார்கள். இருபது நிமிஷம். ஒருவரும் ஆங்கிலத்துக்குத் தாவவில்லை. கடைசியில் கிழவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது ஒரு குரல் கேட்டது.

"எல்லாரும் உக்காருங்க. மீன் ஆறுது."

ஆறு சுருதியும் அச்சில் வார்த்ததுபோல் விழுந்தன. துங் மிஸ் திரும்பினாள். ஐலா.

"எத்தன வருஷமா இந்த ஊர்ல இருக்க?"

"இருபத்திரெண்டு," என்றாள் ஐலா. முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள்.

துங் மிஸ் ஹெக்டோரைப் பார்த்தாள். "அப்ப நீ யாருடா?"

"எங்கப்பா லிமாவுல சாப்பாட்டுக் கடை வச்சிருந்தாரு மிஸ்," என்று ஹெக்டோர் ஆங்கிலத்தில் சொன்னான். "சமையக்காரர் இந்தப் பக்கத்துக் கிழவர். பேச்சுன்னு ஒண்ணும் சொல்லித்தரல. தப்புப் பண்ணா கரண்டியால விரல் முட்டியில ஒண்ணு. கை கத்துக்கிச்சு, வாய் கத்துக்கல. அதான் வந்தேன்."

புதன்கிழமை சியூ, ஐலா எழுதிக்கொடுத்த அறிக்கையை வாசித்தார். 'நடுவில் இரண்டு வாரம் தூக்கம் வந்தது. பிறகு ஒரு சண்டை நடந்தது. இப்படியொரு பாடத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. வகுப்பு தொடரட்டும். ஆசிரியர் இனி மீனைத் திருப்பக்கூடாது.'

மறுவாரம் எல்லோரும் மறுபடி மாடிப்படியில் நின்றார்கள். மைனா திருத்தியது. இடைவேளையில் துங் மிஸ் தேநீர் ஊற்றினாள். ஹெக்டோர் இரண்டு விரலால் தட்டினான். அவள் கூஜாவைக் கீழே வைக்கவில்லை.

"அந்தக் கரண்டிக் கிழவர் பேரு என்ன?"

"ஏன் மிஸ்?"

"சும்மாதான். நெசமாவே அப்படி ஒருத்தர் உண்டா, எந்தப் படகுன்னு விசாரிச்சு வைக்கிறேன்."