ஓட்டுநரின் தவறு

அந்த பிரேக் காலிப்பர் நல்ல சிவப்பு. எங்கள் குழுவின் கேப்டன் அதைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் இருந்ததாக இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆரணியில் பட்டுக்கடை வைத்திருந்த வீட்டுப் பிள்ளை அவன். புடவைக்கு பார்டர் பார்ப்பதுபோல பிரேக்குக்கும் நிறம் பார்த்தான். பெரிய பைக்கிலிருந்து கழற்றிய, சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் அந்தச் சாமான் எங்கள் பந்தயக் காரின் பத்து அங்குல முன்சக்கரத்துக்குள் அடங்காது என்று அளந்தே காட்டினேன். போட்டோவில் எடுப்பாகத் தெரியும் என்றான்.

ஆரணிக்கு வெளியே இருந்த பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். மாணவர்களே சிறிய பந்தயக் கார் ஒன்றைச் செய்து போட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். நான் சேவூர்ப் பெண். வீட்டில் எல்லோரும் தறி வேலை. முன்சக்கரங்களின் சஸ்பென்ஷனும் பிரேக்கும் என் பொறுப்பு. அதாவது படம் வரைவது, அளவெடுப்பது, கெட்டுப்போனால் திட்டு வாங்குவது. முடிவெடுப்பது கேப்டன். நட்டு எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பதை அவன் யோசித்துத்தான் சொல்வான். ஆங்கிலம் மட்டும் யோசிக்காமல் வரும். எங்கள் துறைத் தலைவர் அந்த ஆங்கிலத்தைக் கேட்டுத் தலையாட்டுவார். அவரைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை. தலையாட்டுவார்.

சக்கரத்தை மாட்டிப் பார்த்தபோது காலிப்பரின் தோள் ரிம்மில் இடித்தது. சிறிய காலிப்பர் வாங்கலாம் என்றேன். கேப்டன் கிரைண்டரை எடுத்து அந்தத் தோளையே சீவினான். பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயையும் இடமில்லாமல் பக்கவாட்டில் திருப்பிக் கட்டினான். ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி கிடைத்ததும், பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாக எல்லோருக்கும் செய்தி அனுப்பினான். கார் நிற்கும்போது இடிக்காது. வளைவில் பாரம் ஏறினால் சக்கரம் கொஞ்சம் நெளியும், அப்போது இடிக்கும் என்றேன். நேர்கோட்டில் இரண்டு தடவை ஓட்டி வீடியோ எடுத்து எனக்கே அனுப்பி வைத்தான். அவனைப் போன்றவர்களுக்கு உலகம் எப்போதும் நேர்கோடுதான்.

காரை ஓட்டியவன் கலசப்பாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்த விவசாயி மகன். அதிகம் பேசமாட்டான். அப்பாவின் டிராக்டரில் பழகிய கை. எந்த வண்டியானாலும் சத்தத்தை வைத்தே நோவைச் சொல்வான். வளைவுகளில் ஓட்டிப் பார்க்க வேண்டிய நாளின் காலையில், ரிம்மின் உட்புறத்தில் பளபளவென்று ஒரு கீறலைப் பார்த்தேன். ரப்பர் குழாயின் தோலும் தேய்ந்திருந்தது. கேப்டனிடம் காட்டினேன். பெயின்ட்தானே போயிருக்கிறது என்றான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓட்டுநர் என்னைத்தான் கேட்டான், "எடுத்துகினு போவலாமா?" கேப்டன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "மெதுவா ஓட்டு" என்றேன்.

மூன்றாவது வளைவில் குழாய் அறுந்தது. முன்சக்கரங்களில் பிரேக் இல்லை. பின்சக்கரங்கள் மட்டும் பிடித்ததால் கார் பம்பரமாகச் சுழன்று தண்ணீர்த் தொட்டியின் சுவரில் மோதியது. இடித்த வேகத்தில் ஸ்டீயரிங் சுண்டித் திரும்பி அவனுடைய வலது மணிக்கட்டை ஒடித்துவிட்டது. அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு, கேப்டன் முதலில் குனிந்து பார்த்தது காலிப்பரை.

மறுநாள் அறிக்கை தயாராக இருந்தது. வளைவுக்குள் அதிக வேகத்தில் நுழைந்தது ஓட்டுநரின் தவறு என்று அழகான ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். துறைத் தலைவர் தலையாட்டினார். பிரேக் என்று எழுதினால் கார் போட்டிக்கே போகாது, எல்லோருடைய உழைப்பும் வீண் என்று கேப்டன் பொறுமையாக விளக்கினான். ஓட்டுநர் தவிர குழுவிலிருந்த ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். நானும்தான்.

அதன்பிறகு மன உளைச்சல் என்று சொல்லிக் கேப்டன் பட்டறைப் பக்கமே வரவில்லை. அவன் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. நான் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் முன்சக்கரத்தை விரல் அளவாக ஏற்றி இறக்கி, ஒவ்வொரு நிலையிலும் ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பார்த்தேன். ரிம்முக்கும் காலிப்பருக்கும் நடுவே களிமண் அப்பிச் சக்கரத்தைச் சுற்றி, நசுங்கி மிஞ்சிய கனத்தை அளந்தேன். சிறிய டிஸ்க், சிறிய காலிப்பர் போட்டேன். அதைத் தாங்கும் பிராக்கெட்டைப் புதிதாகச் செய்து பின்பக்கம் தள்ளினேன். அப்போதுதான் தெரிந்தது, சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கையின் போல்ட் தலையும் டிஸ்க்கை உரசத் தயாராக இருந்திருக்கிறது. அதைத் திருப்பி மாட்டினேன். குழாயை எந்தச் சக்கரமும் தொடமுடியாத வழியில் கொண்டுபோனேன். முதல் நாளே செய்திருக்கக்கூடிய வேலை. போட்டியில் வேறொருவன் ஓட்டினான். கார் கடைசிவரை ஓடியது. மேடையேறி, முன்பகுதியைத் தான் எப்படி மறுவடிவமைத்தான் என்று பேசியவன் கேப்டன்.

இப்போது அவன் கம்பெனி கம்பெனியாகப் போய்த் தலைமைப் பண்பு பற்றி வகுப்பெடுக்கிறான். போன மாதம் கல்லூரியில் பழைய மாணவர்கள் கூடியபோது பாதுகாப்பு பற்றிப் பேசினான். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். ஆரணி பஸ் நிலையத்தில், செய்யாறு தொழிற்பேட்டையிலிருந்து வந்த கம்பெனி பஸ்ஸிலிருந்து சீருடையோடு இறங்கினான் எங்கள் ஓட்டுநர். டீ குடித்தோம். டம்ளரை இடது கையால் எடுத்தான். வலது மணிக்கட்டு இப்போதும் முழுசாக மடங்காதாம்.

கேப்டனின் பேச்சை நடித்துக் காட்டினேன். அவனுடைய ஆங்கிலம், துறைத் தலைவரின் தலையாட்டல், எதையும் விடவில்லை. ஒன்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த இளக்காரம். ஓட்டுநர் சிரிக்காமல் கேட்டான். பிறகு சொன்னான்:

"அவன் அப்படித்தான்னு எனக்கு அப்பவே தெரியும். அவன் எழுதனதுல எனக்கு வருத்தமே இல்ல. ஆனா அந்தப் பேப்பர்ல உன் கையெழுத்து இருந்துச்சு பாரு. நீயே போட்டுட்டன்னா, தப்பு என்னுதுதான் போலன்னு நெனச்சிகினு இருந்தேன். அதுக்கப்புறம் எந்த வண்டியையும் வேகமா ஓட்டுனதில்ல."

தவறு அவனுடையது இல்லை, குழாய் தேய்ந்திருந்ததை அன்று காலையிலேயே பார்த்தேன் என்று சொன்னேன். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் டம்ளரை வைத்துவிட்டு, கலசப்பாக்கத்துக்குப் போக போளூர் பஸ் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தான். வந்திருந்தது. ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தான். கேப்டனைப் பற்றிச் சொல்ல என்னிடம் இன்னும் நிறைய இருந்தது. கேட்க ஆளில்லை.