பூனையே இல்லாத கேமுக்குப் பூனை வரைந்தவன்

முரளி போய்விட்டான். நேற்றுக் காலை, புனே ஆகுர்டியில் அவன் வீட்டில், மாரடைப்பு. நாற்பத்திரண்டு வயது.

நேற்றிலிருந்து என் டைம்லைன் முழுக்க அவன் போட்டோதான். "தங்கமான மனுஷன்", "யார் மனதையும் நோகடிக்காதவர்"... எழுதியவர்களில் பாதிப் பேர் அவனோடு ஒரு டீ கூடக் குடித்திருக்க மாட்டார்கள்.

நான் நான்கு வருடம் அவனுக்குப் பக்கத்து மேஜை. நோகடிப்பதுதான் அவனுக்கு முழுநேர வேலை. டிசைன் எல்லாம் பார்ட் டைம்.

பாணேரில் ஒரு சின்ன கேம் ஸ்டுடியோ, மொத்தம் ஐந்து பேர். தமிழ் பேசுவது நாங்கள் இருவர் மட்டும். நான் கோயம்புத்தூர். அவன் புனேவிலேயே பிறந்து வளர்ந்தவன். மற்றவர்களை ஒரு மொழியில் திட்டுவான், என்னை மட்டும் மூன்று மொழியில்.

எங்கள் முதல் கேம், மழைக்காலத்தில் பழைய புனே சந்து ஒன்றில் குடை ரிப்பேர் செய்யும் கடை. சண்டை கிடையாது, யாரும் சாக மாட்டார்கள். மழையைப் பார்த்துக்கொண்டே நிதானமாக விளையாடலாம்.

ஆன்லைன் ஸ்டோரில் அதற்கு முகமாக வைக்கிற சின்னப் படத்தை, தம்ப்நெயிலை, நான்தான் வரைந்தேன். மூன்று வாரம். ஓட்டுக்கூரை, வடாபாவ் வண்டி, கொடியில் துணி, கடை முழுக்க கலர் கலராகக் குடைகள்...

முரளி அதைத் தன் போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கினான். போனைத் தண்ணீர் ஃபில்டர் மேல் சாய்த்து வைத்தான். அறையின் அந்தக் கோடியில் பெருக்கிக்கொண்டிருந்த மாவ்ஷியைக் கூப்பிட்டான்.

"மாவ்ஷி, காய் திஸ்தய்?" என்ன தெரிகிறது என்று மராத்தியில் கேட்டான்.

அந்த அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "போஹே" என்றார். அவல் உப்புமா.

ஆபீஸே சிரித்தது. "கேட்டியா சுதா? மூணு வாரமா நீ நாஷ்டா வரைஞ்சிருக்க" என்றான்.

பாத்ரூமில் போய் அழுதேன். அதற்கு அவனை இன்றுவரை மன்னிக்கவில்லை. செத்துப்போனான் என்பதற்காக மன்னிப்பதாகவும் இல்லை.

அவன் வழக்கமே அதுதான். முதலில் திட்டு வரும். ஒன்றிரண்டு நாளில் அதே படத்தின் மேல் சிவப்பில் கோடு கிழித்து அனுப்புவான். எதை வெட்ட வேண்டும், எதைப் பெரிதாக்க வேண்டும், கேமின் பெயர் எங்கே வந்தால் படிக்க முடியும்... எல்லாம் அதில் இருக்கும். சாரி மட்டும் இருக்காது.

அந்தக் கோடுகளைப் பார்த்துத் திரும்ப வரைந்தேன். ஒரே ஒரு குடை, ஒரு மஞ்சள் பல்ப், சுற்றிலும் கருநீல மழை. சின்னதாக்கினாலும் பளிச்சென்று தெரிந்தது.

அப்புறம் ஸ்டோரில் போய்ப் பார்த்தால் குடைக்கு அடியில் ஒரு பூனை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தானே வரைந்து ஏற்றிவிட்டான்.

"நம்ம கேம்ல பூனையே இல்லியே முரளி?"

"அரே யார், இருக்கட்டும். பூனை இருந்தா கை தானா க்ளிக் பண்ணும்."

க்ளிக் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொள்கிறேன். கூடவே ரிவ்யூக்களும் வந்தன. பூனை எங்கே, பூனையை எப்படித் தடவுவது, பூனை என்று சொல்லி ஏமாற்றிவிட்டீர்களே...

ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பதில் எழுதியது நான். கடைசியில் ஒரு மாதம் செலவழித்து அந்தப் பூனையை நடக்கவும் தூங்கவும் வைத்ததும் நான். "நான் தம்ப்நெயில்ல போட்டேன், கேம் பின்னாடியே வந்துச்சு" என்று மீட்டிங்கில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது அவன்.

அந்த மாதமே வேலையை விட்டேன். இரண்டு வருடம் அவனோடு பேசவில்லை.

இப்போது தனியாக ஒரு கேம் செய்திருக்கிறேன். கடக்வாஸ்லா அணைக்கரையில் மக்காச்சோளம் சுட்டு விற்கும் கடை. ஸ்டோர் பக்கம் திங்கட்கிழமை திறக்கிறது. இரண்டு வருட உழைப்பு, அந்தச் சின்னப் படத்தைப் பார்த்து யாராவது உள்ளே வந்தால்தான் உண்டு.

பதினோரு தடவை வரைந்தேன். எதுவோ சரியில்லை, எது என்று தெரியவில்லை. நண்பர்களிடம் காட்டினால் எல்லோரும் சூப்பர், எல்லோரும் ஹார்ட். அதனால் போன வாரம், வெட்கத்தை விட்டு, முரளிக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "டேம் நல்லா இருக்கு. டூரிசம் போஸ்டரா? கேம் எங்க?"

ப்ளாக் செய்துவிட்டேன். அந்த நிமிடமே. இரண்டு வருடமாகியும் இவன் வாய் அடங்கவில்லையே என்று அத்தனை ஆத்திரம்.

இன்று காலை அவன் வீட்டுக்குப் போனேன். அழுகை வரவில்லை. அவன் மனைவி கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு நாளா உங்க படத்த வச்சுக்கிட்டு கோடு கிழிச்சிட்டே இருந்தாரு சுதா. முடிச்சு அனுப்பிட்டாரு. ஒத்த டிக்லயே நிக்குதேன்னு அப்பப்ப எடுத்துப் பாத்தாரு. டேம் பக்கம் போயிருப்பா, அங்க நெட்வொர்க் கிடைக்காதுன்னு சொன்னாரு."

சுற்றிலும் உறவுக்காரர்கள். அவன் போனை எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ப்ளாக்கை எடுத்தேன். எதுவும் வரவில்லை. ப்ளாக்கில் இருந்த நாட்களில் அனுப்பியது இனி வராதாம்.

போய் வா முரளி. உன் மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது.

நான் டேமுக்குப் போகவில்லை. பாணேரில், என் மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன். நெட்வொர்க் இருந்தது.