மாதம்மாள் முறைக்கவில்லை

டிரிப் போடுவதென்றால் ஊசியைக் குத்திவிட்டு நாற்காலியில் சாய்வது என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். வாட்ச்சைப் பார்த்துச் சொட்டு எண்ணியே கழுத்து பிடித்துக்கொண்ட நர்ஸுகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளில் தர்மபுரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் எண்ணிய சொட்டுகளில் இன்னும் மறக்காதவை மாதம்மாளுக்கு எண்ணியவை.

முதல் திட்டு என்னுடையது

இண்டூரிலிருந்து வந்திருந்தாள். தைராய்டு கோளாறு கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சதையை வீங்கவைத்து, இரண்டு விழிகளையும் வெளியே தள்ளியிருந்தது. விட்டால் பார்வையே போகலாம் என்று டாக்டர் மூன்று நாள் தொடர்ந்து ஸ்டீராய்டு மருந்தை டிரிப்பில் ஏற்றச் சொன்னார். மருந்து சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்தது. கேஸ் ஷீட்டைப் படிக்காமல் கட்டிலுக்குப் போனது என் தப்பு. "ஏம்மா, ஊசி போடறவளையே முறைச்சா எப்படி?" என்று எரிந்து விழுந்தேன். அவள் கோபப்படவே இல்லை.

"முறைக்கலீங்க சிஸ்டர். மூடத்தான் பாக்கறேன், மூட மாட்டேங்குது."

ஒன்று இரண்டானது

எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிவதும் அந்த நோயின் வேலைதான். முந்தானைத் துணியால் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு ஆறு மாதமாகக் களி கிண்டி, மாடு கறந்து, எல்லா வேலையும் பார்த்திருக்கிறாள். நானாக இருந்தால் படுத்தே இருப்பேன். மாமியாரோ எல்லாம் திமிர் என்றே நினைத்தார். முறைப்பு நிற்காவிட்டால் தீர்த்தமலைப் பக்கம் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விட வேண்டும் என்று சொல்லியும் விட்டார். கேட்ட எனக்கு அழுகை வந்தது. மாதம்மாள் சிரித்தாள்.

"எனக்கு ரெண்டு மாமியார் தெரியறாங்க சிஸ்டர். ஒருத்தரையே சமாளிக்க முடியலீங்க."

ஃபேன்

வீட்டுக்காரருக்கு வயலில் வேலை. துணைக்கு அந்த மாமியார்தான் வந்திருந்தார். இரண்டு நாள் வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தவர், மூன்றாம் நாள் மத்தியானம் உள்ளே வந்தார். பாட்டிலில் பாதி இறங்கியிருந்தது. "பாருங்க சிஸ்டர், உங்க முன்னாலயே எப்படி முறைக்கறா!" என்றார்.

எனக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. "மெதுவாப் பேசுங்கம்மா, அவங்க தூங்கறாங்க" என்றேன். அவர் நம்பவில்லை. மருமகள் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார். இமை பாதியில் நின்றிருந்தது, விழி அசையவில்லை, லேசாகக் குறட்டை வந்தது. தூங்குகிறவள் யாரை முறைப்பாள்? ஆறு மாதம் திட்டித் தீர்த்தவர், வார்டே பார்த்துக்கொண்டிருக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனசு எல்லோருக்கும் வராது. பிறகு என்னையே அதட்டினார். அன்று மத்தியானம் முழுக்க வார்டே வேர்த்து வழிந்தது.

"அந்த ஃபேனை நிறுத்துங்க சிஸ்டர். புள்ளைக்குக் கண்ணு காஞ்சு போவுது."

புதுப் புகார்

இன்னும் இரண்டு தடவை வந்து மருந்து ஏற்றிக்கொண்டு போனாள். வீக்கம் வடிந்தது, இமை மூடியது. ஓரமாகப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் இரண்டாகத் தெரிந்தது. வீட்டில் தினமும் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற பொறுப்பை மாமியார் யாருக்கும் விட்டுத்தரவில்லை. கடைசியாகக் காட்ட வந்தபோது மருமகள் கையைப் பிடித்துக்கொண்டே என்னிடம் புகார் சொன்னார்.

"முன்ன நோவு முறைச்சுது சிஸ்டர். இப்ப மருந்து வுட ரெண்டு நிமிசம் லேட்டானா இவளே முறைக்கறா!"

கேஸ் ஷீட்டில் நாங்கள் எழுதியது மருமகள் பெயரை மட்டும்தான். பார்வை திரும்பியதென்னவோ இரண்டு பேருக்கு.